நர்சம்மாவின் சைக்கிள்

அறுபத்தாறாம் வருஷம் அன்னம்மாள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. ஓரிக்கைக்குப் பக்கத்தில் கழனி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்து, பிரசவம் பார்க்கும் பயிற்சியும் முடித்துக் காஞ்சிபுரத்தில் ஒரு தாய்சேய் நல விடுதிக்கு வேலைக்கு வந்தவள். வந்ததிலிருந்து எட்டு வருஷம் நடந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீடு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு என்று நாளைக்கு ஏழெட்டு மைல் ஆகிவிடும். கையில் தோல் பை. அதற்குள் கத்தரிக்கோல், நூல், டிங்சர், ரப்பர் ஷீட்டு. பை தூக்கித் தூக்கி அவளுடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிப் போயிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா சொந்த ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய லேடீஸ் சைக்கிளை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முன்னால் பிரம்புக் கூடை, புடவை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் நூல் வலை. ஆறு மாதம் அது வீட்டுச் சுவரில் சாய்ந்தே நின்றது. அதில் ஏறுவதை அன்னம்மாள் நினைத்தும் பார்க்கவில்லை. ஊரில் சைக்கிள் விடுகிற பொம்பிளை என்றால் கான்வென்ட் டீச்சர் ஒருத்திதான், அவளும் மெட்ராஸ்காரி. புரட்டாசியில் காலில் ஆணி வந்து செருப்புகூடப் போட முடியாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்த அவள் புருஷன் முனிரத்தினம் அவள் நொண்டிக்கொண்டு வருவதை நாலு நாள் பார்த்தான். ஐந்தாம் நாள், நாளைக் காலை பார்க்குக்குப் போகலாம், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

பார்க்குக்குள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று பலகை இருந்தது. காவல்காரர் பஞ்சாட்சரம் அந்தப் பலகையைக் காட்டினார். அப்புறம் நர்சம்மாவின் காலையும் பார்த்துவிட்டு, ஆறரைக்குள் முடித்துக்கொண்டால் தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். முனிரத்தினம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அன்னம்மாள் பார்க்கின் நடுவிலிருந்த ரேடியோ மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏற வந்தது, மிதிக்க வந்தது, இறங்கத்தான் வரவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் கல்வாழைப் பாத்திக்குள் போய் விழுவாள். இரண்டாம் தடவை பாத்தி பாழானதும் பஞ்சாட்சரம், இனிமேல் வரவேண்டாம், தன் வேலை போய்விடும் என்று கையைக் கூப்பினார். ஆகவே இறங்குவதை மட்டும் அவள் காந்தி ரோட்டில்தான் கற்றுக்கொண்டாள்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸ் பஸ், வேலூர் பஸ், புடவை எடுக்க வருகிற கல்யாணக் கூட்டம், கோயில் கோயிலாகப் போகிற யாத்ரீகர்கள், நெல் மூட்டை வண்டிகள், அவற்றின் நடுவே படுத்திருக்கும் மாடுகள். பட்டுக்கடைத் தரகர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பிடிக்கக் குறுக்கே ஓடுவார்கள். முதல் மாதம் இரண்டு தடவை விழுந்தாள். ஒரு தடவை முந்தானை செயினில் மாட்டி, நடுரோட்டில் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டியதாயிற்று. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவள்தான் பிரசவம் பார்த்திருந்தாள். மெல்ல மெல்ல ஊர் பழகிவிட்டது. மணிச் சத்தம் கேட்டால், "நர்சம்மா போறாங்க, வழி வுடுப்பா" என்று வண்டிக்காரர்களே மாட்டை ஒதுக்கினார்கள்.

சைக்கிள் வந்ததால் வேலை குறையவில்லை, கூடிற்று. சீக்கிரம் வந்துவிடுவாள் என்று தெரிந்ததும் தாமல் ரோட்டுப் பக்கத்து ஆட்கள்கூடத் தேடி வந்தார்கள். நடந்த காலத்தில் பாதம் வலித்தது. இப்போது முட்டியும் இடுப்பும் வலித்தன. வேறொன்றும் வித்தியாசம் இல்லை என்று முனிரத்தினத்திடம் சொல்வாள்.

அறுபத்தொன்பதில், தை மாதத்தில் ஒரு காலை அது நடந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து ஒரு தலைச்சன் பிரசவத்தில் இருந்துவிட்டு, கண்ணை மூடாமல் விடுதிக்குத் திரும்பியிருந்தாள். முகம் கழுவுவதற்குள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆள் வந்து நின்றது. போனாள். பனி இன்னும் விலகவில்லை. நெசவாளர் தெருக்களில் விடிந்ததும் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கவட்டைக் கட்டைகள் மேல் தாங்கவிட்டு, இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவி இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் போகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போவது வழக்கம். அன்னம்மாளும் தினம் அப்படித்தான் போவாள். அன்றைக்கு ஓட்டிக்கொண்டே ஒரு நொடி தூங்கிப்போனாள்.

கண்ணைத் திறந்தபோது சைக்கிளோடு பாவுக்கு உள்ளே கிடந்தாள். கூடையைச் சுற்றி, ஹாண்டில் பாரைச் சுற்றி, அவள் கழுத்தைச் சுற்றி அரக்கு நிறப் பட்டு. இழைகள் அறுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை.

பாவுக்குச் சொந்தக்காரர் கலியாணசுந்தரம். இருபத்தைந்து இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் அவளைத் திட்டவில்லை. கையிலிருந்த கஞ்சிக் குஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியதெல்லாம் அவருடைய அம்மா செல்லியம்மாள். எந்தத் தெருவில் பிறந்தவள் எந்தத் தெருவில் சைக்கிளில் வருகிறாள் பார் என்பதில் தொடங்கி, பக்கத்து வீட்டு ஆண்களே "போதும் வுடுங்க" என்று சொல்கிற வரைக்கும் பேசினாள்.

அன்னம்மாள் கழுத்திலிருந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எழுந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"தப்பு என்னுதுதாங்க" என்றாள். "ஆனா அடுத்த தெருவுல ஒரு பொண்ணு வலியில கெடக்குது. பார்த்துட்டு வந்துடுறேன். சைக்கிள் இங்கியே இருக்கட்டும்."

பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பிரசவம் லேசில் முடியவில்லை. பகல் மூன்று மணிக்குமேல் திரும்பி வந்தபோது அவர்கள் இன்னும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். கலியாணசுந்தரம் ஒரு பக்கம், அவர் மனைவி தேவகி ஒரு பக்கம். தேவகிக்குப் பதினெட்டு வயசு இருக்கும், ஐந்து மாத வயிறு. வெயிலில் குனிந்து குனிந்து முடிந்ததில் முகம் சிவந்திருந்தது. நானும் கை கொடுக்கிறேன் என்று அன்னம்மாள் குனிந்தாள். தொடாதே என்று உள்ளேயிருந்து செல்லியம்மாளின் குரல் வந்தது. அன்னம்மாள் நிமிர்ந்து சுவரோரமாக நின்றாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. வெயில் இறங்கி, கடைசி இழை முடிந்து, பாவைச் சுருட்டும் வரைக்கும் நின்றாள்.

சுருட்டி முடித்ததும் கலியாணசுந்தரம் சைக்கிளை அவரே நிமிர்த்திக் கொடுத்தார். "இனிமே எங்க தெருவுல ஏறி ஓட்டாதீங்க நர்சம்மா. எறங்கித் தள்ளிக்கினு போங்க" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டாள்.

ஏழு வருஷம் அப்படியே செய்தாள். பாவு இல்லாத மத்தியானமானாலும், மழையில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தாலும், முனையில் இறங்கி மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏறுவாள். அவளுடைய வார்டுக்கு அதுதான் குறுக்குவழி, ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது போக வேண்டும். சுற்றிப் போகலாமே என்று முனிரத்தினம் கேட்டதற்கு, சுற்றிப்போக அரை மைல், தள்ளிப்போக இருநூறு அடி என்றாள்.

கலியாணசுந்தரம் வீட்டிலிருந்து அவளைப் பிரசவத்துக்கு ஒரு தடவையும் கூப்பிடவில்லை. வேறு ஒரு கிழவியை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தேவகி ஐந்து பெற்றாள், அதில் ஒன்று தங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் வாசலில் தேவகியைப் பார்ப்பாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இருவரும் பேசிக்கொண்டதில்லை. பிரசவம் பார்க்கிறவளுக்கு ஒரு பெண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவது எளிதல்ல. ஆனாலும் போனாள்.

எழுபத்தாறில் வேலையின் குணமே மாறிற்று. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மாதம் இத்தனை பேர் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. அன்னம்மாளின் பங்கு மாதம் நாலு பேர். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று எல்லாரும் சனிக்கிழமைதோறும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியவில்லை. மணிச் சத்தம் கேட்டதும் வழிவிட்ட தெருக்களில் இப்போது கதவுகள் சாத்திக்கொண்டன. அவள் கையில் பிறந்த பிள்ளைகளே, "ஆபரேசன்காரி வரா" என்று உள்ளே ஓடின. அவள் மணி அடிப்பதை நிறுத்தினாள். கூட்டத்தில் "ஏங்க, கொஞ்சம்... ஏங்க..." என்று வாயால் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கும். முனிரத்தினம் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், சனிக்கிழமைக்குள் ஒரு ஆள் குறைகிறதே என்று விடுதியில் உட்கார்ந்திருந்தபோது தேவகி வந்தாள். கையில் காலி மண்ணெண்ணெய் டின். ரேஷன் கடை வரிசையில் நிற்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"நர்சம்மா, அந்த ஆபரேசன எனக்குப் பண்ணி வுட்டுடுங்க" என்றாள். "எங்க அத்தைக்கித் தெரிய வேணாம்."

குறைகிற ஒரு ஆள் தானாக நடந்து வந்து எதிரே நிற்கிறது. அன்னம்மாள் அவளை உட்காரவைத்து, கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. நகத்தைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா. இதுல கத்தி வெக்கக் கூடாது. மாத்திரை தரேன். ரெண்டு மாசம் சாப்புட்டுட்டு வா."

"ரெண்டு மாசத்துக்குள்ள மறுபடியும் உண்டாயிட்டா?"

அன்னம்மாள் மாத்திரையை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். தேவகி அதை மடியில் சொருகிக்கொண்டு டின்னோடு எழுந்து போனாள். சனிக்கிழமை மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அன்னம்மாளின் பெயரை இரண்டு தடவை படித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லியம்மாள் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அன்னம்மாள் அந்தத் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். கலியாணசுந்தரம் வீட்டு வாசலில் சுவரில் சாய்த்தாள். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். முப்பத்திமூன்று வயசுக்கு முன்நெற்றி ஏறி, முதுகு வளைந்திருந்தது. அவளைப் பார்த்தும் ஊடையிழை ஓட்டும் நாடாவை நிறுத்தவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே அவள் பேசினாள்.

"ஒங்க பாவை அறுத்தவ நான். அத நீங்க மறக்க வேணாம். இத மட்டும் சொல்லிட்டுப் போயிடுறேன். ஒங்க வூட்டுப் பொண்ணு இன்னொரு பிரசவம் தாங்காது."

நாடா நாலைந்து தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. அப்புறம் நின்றது. சமையலறைப் பக்கம் தேவகி பாத்திரம் வைக்கிற சத்தமும் நின்றது.

ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தாயா என்று அவர் கேட்பார் என்று அன்னம்மாள் எதிர்பார்த்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. தறியைப் பார்த்துக்கொண்டே, "ஆம்பளைக்கும் பண்றாங்களாமே. பண்ணிக்கினா எத்தினி நாள் குழியில எறங்கக் கூடாது?" என்றார்.

ஒரு வாரம் தறி மிதிக்காமல் இருந்தால் நல்லது, பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் விடக்கூடாது என்று அன்னம்மாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது.

"எனக்கு சைக்கிளே வுடத் தெரியாது" என்றார் கலியாணசுந்தரம். பிறந்ததிலிருந்து தறிக்கும் பட்டுக்கடைக்கும் நடந்ததைத் தவிர அவர் எங்கும் போனதில்லை.

நாளையும் அவரே குறித்தார். வைகாசி கருடசேவை. பெருமாள் கருடன் மேல் வருவதைப் பார்க்கப் போய் அன்றைக்குத் தெருவே காலியாக இருக்கும், அவர் எங்கே போனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரிக்‌ஷா வேண்டாம் என்றார். ரிக்‌ஷாக்காரன் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கிறான்.

கருடசேவையன்று காலை கச்சபேஸ்வரர் கோயில் பக்கத்தில் ஒரு சந்தில் அவர் காத்திருந்தார். அன்னம்மாள் அவரைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தாள். நாற்பத்திரண்டு வயசில், வைகாசி வெயிலில், ஒரு ஆண்பிள்ளையை வைத்து மிதிப்பது சாதாரணமில்லை. அவருக்கு உட்காரவும் தெரியவில்லை. வளைவு வந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். அரை ஃபர்லாங்கு போவதற்குள் கூட்டம் மறித்துக்கொண்டது. ராஜவீதி முழுக்கத் தலைகள். பக்கத்து ஊர் வண்டிகள், குழந்தைகளைத் தோளில் வைத்தவர்கள், விசிறி விற்கிறவர்கள், தூரத்தில் குடையின் உச்சி. இருவரும் இறங்கினார்கள். அவள் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் யாரோ சக்கரத்தை உதைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் சைக்கிள் கேட்குதா என்று ஒருவன் கத்தினான். நீர்மோர்ப் பந்தலுக்கு எதிரே வந்ததும் கலியாணசுந்தரம் சட்டென்று குனிந்து, செருப்பு வார் அறுந்ததுபோலத் தரையைத் தடவினார். பந்தலுக்குள் செல்லியம்மாள் டம்ளரை உயர்த்தி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அன்னம்மாள் சைக்கிளை நடுவில் நிறுத்தி, அவரை மறைத்துக்கொண்டு நின்றாள். செல்லியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு கருடனைப் பார்க்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போகுமுன் அவர் அவளிடம் ஒன்று கேட்டார். "அன்னைக்கி அடுத்த தெருவுக்குப் போனீங்களே, அந்தப் பொண்ணு?"

"ரெண்டும் பொழைச்சிச்சு" என்றாள் அன்னம்மாள். "பையன். இப்ப ரெண்டாவது படிக்கிறான்."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவள் வெளியே பெஞ்சில் சாய்ந்து, தன்னை எழுப்பிவிடும்படி யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் தூங்கிப்போனாள். கடைசியில் அவர்தான் அவளை எழுப்பினார். மூன்று மாதத்துக்கு என்ன ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவள் சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய ஓர் ஆணுறைப் பொட்டலத்தையும் கொடுத்தாள். கூட்டம் கலைந்த தெருக்களில் சாயங்காலம் வரை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார்கள். தெருமுனைக்கு ரொம்ப முன்னாலேயே, இனிமேல் தான் தனியாகப் போய்க்கொள்வதாக அவர் சொன்னார். காலை அகட்டி வைத்து அவர் போவதைப் பார்த்துவிட்டு, அன்னம்மாள் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனாள்.

கூட்டத்தில் இடி வாங்கி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். செல்லியம்மாள் மூன்று நாள் மகனுக்கு ஒத்தடம் கொடுத்தாள். அதற்கப்புறம் தேவகி மறுபடி உண்டாகாததைக் கண்டு கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து, சதை கொஞ்சம் பிடித்து நிறம் திரும்பிய தேவகி ரேஷன் கடை வாசலில் அன்னம்மாளிடம் இதைச் சொன்னாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எங்க அத்தை கோயிலுக்குன்னு வெளிய கூட்டிக்கினு போறாங்க நர்சம்மா. நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

கலியாணசுந்தரம் தெருவில் பார்த்தால் பேசுவதில்லை. அவர் பெயர் அந்த மாதக் கணக்கில் சேர்ந்தது, மீதி மூன்று பேர் எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்டார். மறு வருஷம் அந்த உத்தரவுகள் தளர்ந்தன. கதவுகள் அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. ஒரு தெரு இந்த மாதம், இன்னொரு தெரு ஆறு மாதம் கழித்து என்று, ஏதாவது ஒரு வீட்டில் வலி கண்ட பிறகுதான் அவளைத் தேடினார்கள். அவளும் எதையும் கேட்காமல் போனாள்.

எழுபத்தெட்டு ஆடியில் ஒரு காலை, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து குமாரவேல் என்றொருவர், மனைவிக்கு வலி என்று சைக்கிளில் வந்து அழைத்தார். அவர் முன்னால் போக அன்னம்மாள் பின்னால் மிதித்தாள். எதிர்க்காற்று. ஊர் தாண்டியதும் வலது முட்டி மடங்க மறுத்தது. ஒரு மதகுக் கட்டையைப் பார்த்து இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். குமாரவேல் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்சம் பொறுத்து, "போலாமாம்மா?" என்றார்.

"இருப்பா. இன்னும் ரெண்டு நிமிசம்" என்றாள்.

இருபது வருஷத்தில் அழைக்க வந்தவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதில் அவளுக்கு வெட்கமாக இல்லை. முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, காற்றில் வயல் புரளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையைச் சரியாக வைத்து, ஏறி மிதித்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.